படத்துக்காகக் கழற்றிய கிளாம்ப்

முதல் திருகை அவள் முழுக்க முறுக்க மாட்டாள். விரல் நுனியால் பள்ளத்தில் உட்கார வைப்பதோடு சரி. அடுத்து அவள் கை போவது பக்கத்துத் திருகுக்கு அல்ல, எதிர்மூலைத் திருகுக்கு. அதையும் உட்கார வைத்த பிறகு மற்ற இரண்டு மூலைகள். அதற்கப்புறம்தான் திருப்புளியை எடுப்பாள். முதல் மூலைக்கு அரைச் சுற்று, எதிர்மூலைக்கு அரைச் சுற்று, பிறகு இந்தப் பக்கம், பிறகு அந்தப் பக்கம். ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். திருகு நின்றதும் விடுவாள். இரண்டு எஃகுத் தகடுகளும் நடுவிலிருக்கும் பேட்டரியைச் சமமாகக் கவ்விக்கொண்ட பிறகும், விளிம்பு நெடுகக் கட்டைவிரலை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பாள். தையல் கடையிலிருந்து வாங்கிய சட்டையின் ஓரத்தைத் தடவிப் பார்ப்பவரின் சந்தேகம் அந்த விரலில் இருக்கும்.

அந்தக் கம்பெனியில் அவளுக்குத் 'திருப்புளி' என்றுதான் பெயர். வேதியியல் படித்தவள், சோதனை அறைக்கே பொறுப்பாளர், அவள் பச்சை ஸ்டிக்கர் ஒட்டாமல் ஒரு பேட்டரி வாசலைத் தாண்டாது. இருந்தாலும் பெயர் திருப்புளிதான். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். அவளே ஒருநாள் தொலைபேசியை எடுத்து, "திருப்புளி பேசுறேன், யாரு?" என்றதும் சொல்வதில் இருந்த ருசி போய்விட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அவள் கவ்விப் பிடித்துக்கொண்டிருந்த பேட்டரி சாதாரணப் பேட்டரி அல்ல. மற்றவர்கள் செய்வதில் ஒரு பக்க மின்முனை கரியால் ஆனது, பென்சிலுக்குள் இருக்கிற கரி. இங்கே அந்தக் கரியோடு சிலிக்கானைப் பொடித்துக் கலந்து, தாளைவிட மெல்லிய தாமிரத் தகட்டில் பூசியிருந்தார்கள். பூச்சுக்குள் மின்சாரம் வேகமாக நுழைய வசதியாகக் கண்ணுக்குத் தெரியாத சந்துகள். கால் மணி நேரத்தில் முழு சார்ஜ். ஆண்டுக்கணக்கில் உழைக்கும். கம்பெனி அடித்துக்கொண்ட தம்பட்டத்தில் இவ்வளவும் உண்மை. தம்பட்டத்தில் வராத ஒன்றும் உண்டு. சார்ஜ் ஏறும்போது சிலிக்கான் வீங்கும், இறங்கும்போது சுருங்கும். ஒவ்வொரு முறையும் ஒரு நெஞ்சு விம்மித் தணிகிற மாதிரி. வெளியிலிருந்து யாராவது சமமாக அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் அந்தப் பொடி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருக்கும். பிடி தளர்ந்தால் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துவிடும். அதற்குத்தான் கிளாம்ப். அதற்குத்தான் நான்கு திருகு, அரை அரைச் சுற்று.

இந்த மின்முனையைக் கண்டுபிடித்தவரை எல்லோரும் டாக்டரம்மா என்றார்கள். நல்ல மனுஷி. தன் பூச்சைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்ந்துவிடும், பக்கத்து அறையில் யாரோ தூங்குவதுபோல. "நீ பிடிச்சாதான் இது பேட்டரி, விட்டா வெறும் பொடி" என்று திருப்புளியிடம் அவரே சொன்னதுண்டு. பிற்பாடு நடந்தவற்றில் திருப்புளியை அதிகம் சுட்டது அந்த ஒரு வாக்கியம்தான்.

இந்தப் பேட்டரி முதலில் போகப்போவது மோட்டார் வைத்த சக்கர நாற்காலிகளுக்கு என்று முடிவானபோது அவள் வீட்டில் ஒரே கொண்டாட்டம். கொண்டாடியது அவளுடைய அக்கா. பேருந்து நிலையத்தில் முன்பதிவுக் கவுண்டரில் வேலை பார்க்கும் அக்கா. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இடுப்புக்கு மேலே, குறிப்பாக வாயில், இரண்டு ஆளுக்கு உண்டான உணர்வு. அவள் நாற்காலியில் இருந்தது பழைய ஈயப் பேட்டரி. ராத்திரி முழுக்கச் சார்ஜில் கிடக்கும், மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்குள் சோர்ந்துவிடும். அதற்கப்புறம் கழிப்பறைக்குப் போவதென்றால் கூட வேலை பார்க்கும் யாரையாவது கூப்பிட்டுத் தள்ளச் சொல்ல வேண்டும். அதனால் அக்கா காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்ததும் நாற்காலி நின்ற இடத்திலேயே ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்து முடிப்பதைப் பார்த்துத்தான் தங்கை தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"டீ குடிக்கிற நேரத்துக்குள்ள சார்ஜ் ஏறிடுமா?"

"ஏறிடும்க்கா."

"அப்ப நானும் டீ குடிக்கலாம்னு சொல்லு."

ஊழியர்களின் குடும்பத்துக்கு முதல் தொகுதியிலேயே கிடைக்கும் என்று அறிவித்தார்கள். அக்கா தன் பெயரைக் கொடுத்தாள். கவுண்டரில் உள்ள அத்தனை பேரிடமும் சொல்லிவைத்தாள்.

இந்த நேரத்தில்தான் விளம்பரப் புத்தகத்துக்குப் படம் எடுக்க ஒரு புகைப்படக்காரர் வந்தார். குடை மாதிரி விளக்குகளை விரித்தார், கறுப்புத் துணியைப் போட்டார், கிளாம்ப்புக்குள் இருந்த பேட்டரியைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னங்க இது, லாரி பட்டறை மாதிரி ஒரே இரும்பு? பேட்டரி முகமே தெரியலையே!"

முதலாளி பக்கத்தில் நின்றிருந்தார். "கழட்டிடும்மா. அஞ்சு நிமிஷம்தானே."

அவள்தான் கழற்றினாள். கழற்றும்போதும் எதிர்மூலை வரிசையில்தான். படம் அழகாக வந்தது. கறுப்புப் பரப்பில் ஒரு வெள்ளிப் பொட்டலம், நிலா விழுந்த கிணறு மாதிரி. வரவேற்பறையில் அதைப் பெரிதாக்கி மாட்டினார்கள். ஐந்து நிமிஷம் கழித்து அவள் கிளாம்ப்பைத் திரும்பப் போட்டுவிட்டாள். படத்தில் போட முடியாதே.

பேட்டரிகளை அடுக்கி மூடும் கூட்டை வரைந்துகொடுக்கும் டிசைன்காரருக்கு வேறொரு கட்டிடத்தில் அலுவலகம். சோதனை அறைக்குள் வர வேண்டுமென்றால் தலையில் வலைத்தொப்பி மாட்ட வேண்டும்; தொப்பி மாட்டினால் தலைமுடி கலையும்; ஆகவே அவர் அங்கே வந்ததே கிடையாது. விளம்பரப் புத்தகம் அவர் மேசைக்குப் போனது. படம் இருந்தது, நீளம் அகலம் தடிமன் இருந்தது. போதாதா? வரைந்தார். அச்சு வார்த்தார்கள். நீல நிறத்தில், ஒரு தடித்த நாவல் அளவுக்கு, பார்த்தால் கையில் எடுக்கத் தோன்றும் கூடுகள் வந்து இறங்கின.

திருப்புளி முதல் கூட்டைத் திறந்து பார்த்தாள். உள்ளே சீட்டுக்கட்டு அடுக்கியதுபோல் பொட்டலங்கள். மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி. பிடிப்பதற்கு எதுவும் இல்லை. தகடுகளைத் தனியாக அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்து அட்டைப்பெட்டியின் அடிவரை கையைவிட்டுத் துழாவினாள். காகிதச் சுருள்தான் கையில் வந்தது. தொலைபேசியை எடுத்தாள்.

"சார், தகடு எங்க?"

"எந்தத் தகடு மேடம்?"

"கிளாம்ப் சார். பேட்டரியை அழுத்திப் பிடிக்கிற தகடு."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். "படத்துல அப்படி எதுவும் இல்லையே மேடம்."

"படத்துல நானும்தான் இல்ல. அதுக்காக நான் இல்லேன்னு ஆயிடுமா?"

டிசைன்காரர் சிரித்தார். அவருக்கு அது நகைச்சுவையாகப் பட்டது.

அவள் சிரிக்கவில்லை. புதுக் கூடுகளில் சிலவற்றை எடுத்து, விளம்பரத்தில் சொன்ன வேகத்திலேயே சார்ஜ் ஏற்றினாள், இறக்கினாள், ஏற்றினாள். ஆரம்பத்தில் எல்லாம் சமர்த்தாக இருந்தன. சில வாரங்களில் ஒரு கூட்டின் மூடி சரியாக உட்கார மறுத்தது. அடுத்ததன் பக்கவாட்டு, பல்வலிக்காரன் கன்னம் போலப் புடைத்தது. தேக்கும் மின்சாரம் பாதிக்குக் குறைந்தது. திறந்து, உள்ளே ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால், தாமிரத் தகட்டிலிருந்து பூச்சு வெயிலில் காய்ந்த சேறுபோல் பிளந்து கிடந்தது. பிளக்காமல் மிஞ்சிய இடங்களில் சாம்பல் நிறத்தில் உலோகப் படிவு. கதவுகள் அடைபட்டுப்போன கட்டிடத்தில் கூட்டம் முழுக்க ஒரே வாசலில் முண்டுகிற மாதிரி, மின்சாரம் முழுக்க அந்தக் கொஞ்ச இடத்தில் போய் முண்டியிருக்கிறது. அந்தப் படிவு ஊசியாக வளர்ந்து மறுபக்கத்தைத் தொட்டால் அப்புறம் புகை. புகையோடு நிற்குமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

பூச்சு பிளந்த அந்தத் தாமிரத் தகட்டை எடுத்துக்கொண்டு நேராக டாக்டரம்மாவிடம் போனாள். அவர் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதிர்ச்சி அடையவில்லை. அதுதான் திருப்புளிக்கு அதிர்ச்சி.

"உங்களுக்குத் தெரியுமா இது?"

"கூட்டைப் பார்த்தப்பவே தெரியும்." டாக்டரம்மா தகட்டை மேசையில் கவிழ்த்து வைத்தார். "நான் பார்க்கிறதுக்குள்ள அச்சு வார்த்துட்டாங்க. இப்ப மாத்தணும்னா எல்லாமே முதல்லேருந்து. முதலாளி மறுபடியும் பணம் போட மாட்டாரு. என் வேலை மொத்தமும் குப்பைக்குப் போயிடும். முதல் தொகுதி மட்டும் போகட்டும். மெதுவா சார்ஜ் பண்ணுங்கன்னு ஒரு குறிப்பு சேர்த்துடலாம்."

"எங்க சேர்ப்பீங்க?"

"உள்ளே வைக்கிற தாள்ல."

"அட்டைப்பெட்டி மேல கால் மணி நேரத்துல சார்ஜுன்னு கொட்டை எழுத்துல போடுவீங்க. உள்ளே பொடி எழுத்துல, அப்படியெல்லாம் பண்ணாதீங்கன்னு போடுவீங்க. அப்புறம் எதுக்கும்மா இத்தனை வருஷம் இதைச் செஞ்சோம்?"

டாக்டரம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கே பார்ப்பதற்கு ஒரு சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயும்தான் இருந்தன.

திருப்புளிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பேட்டரி கெட்டதாக இருந்திருந்தால் ஒருவேளை இவ்வளவு எரிந்திருக்காது. நல்ல பொருள். உலகத்தில் பத்து இடத்தில் முட்டி மோதிக்கொண்டிருக்கும்போது இவர்கள் கையில் கூடிவந்த பொருள். ஒரு படம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதற்காகவும், ஒருவருடைய முடி கலையக் கூடாது என்பதற்காகவும் அதை நோயாளியாக்கி, எழுந்து ஓட முடியாதவர்களின் இருக்கைக்கு அடியில் கொண்டுபோய்ச் செருகப் பார்க்கிறார்கள்.

வீட்டில் வேறு கச்சேரி காத்திருந்தது.

"என் பேட்டரி எப்ப வருது?"

"இப்ப வராதுக்கா. நான் ஸ்டிக்கர் ஒட்டல."

"என்னது?" அக்கா நாற்காலியை அப்படியே அவள் பக்கம் திருப்பினாள். "அடியே, ஒட்டுறவளே நீதானே? ஒரு ஸ்டிக்கர் ஒட்ட உன் கை தேய்ஞ்சா போயிடும்?"

"வீங்குதுக்கா அது. தீப்பிடிச்சாலும் பிடிக்கும்."

"பிடிச்சா பிடிக்குது. இப்ப மட்டும் என்ன வாழுது? மத்தியானம் ஆனா கல்லு மாதிரி ஒரே இடத்துல கிடக்கேன். அந்தக் கேஷியர் பய தள்ளிட்டுப் போறப்போ ஒரு பாட்டு பாடுவான் பாரு, ஊர்வலம் போற மாதிரி. அதைவிடத் தீயே தேவலாம்."

"அப்படிப் பேசாதேக்கா."

"நீ பேச வெக்கிற. ஊருக்கெல்லாம் நியாயம் கேட்கிறவளே, கூடப் பிறந்தவளுக்கு ஒரு பேட்டரி கொண்டுவர வக்கில்ல உனக்கு."

தங்கை அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் எதுவும் கழுவுவதற்கு இல்லை. குழாய்ச் சத்தத்தில் அழலாம் என்று போனவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் இன்னும் கெட்டியாகிக்கொண்டே போனது. அக்காவின் மேல் அல்ல. ஒரு மனுஷி தீயே தேவலாம் என்று சொல்கிற அளவுக்குத் தாகத்தோடு காத்திருக்கும்போது, அவள் வாயில் ஊற்றுவதற்கு இப்படி ஒன்றை எடுத்துவந்தவர்களின் மேல்.

வாரக் கடைசியில் முதலாளி கூட்டம் போட்டார். கண்ணாடிச் சுவர் வைத்த அறை, நீள மேசை, சுழலும் நாற்காலிகள். டாக்டரம்மா இருந்தார், டிசைன்காரர் இருந்தார், கலையாத முடியோடு. பொருளை அனுப்பும் தேதியை அறிவித்தாயிற்று, ஸ்டிக்கர் மட்டும்தான் பாக்கி என்று முதலாளி ஆரம்பித்தார்.

"நான் ஒட்ட மாட்டேன் சார்" என்றாள் திருப்புளி.

"ஏம்மா, லேசா வீங்குது, அவ்வளவுதானே? மனுஷங்களே வீங்குறாங்க. பேட்டரி வீங்கக் கூடாதா?"

டிசைன்காரர் சிரித்தார். அவருக்குச் சிரிப்பதில் எப்போதும் சிரமமே இருந்ததில்லை.

"கிளாம்ப் இல்லாம வீங்குது சார். அதோட வேகமா சார்ஜ் ஏத்தினா உள்ளே ஊசி ஊசியா உலோகம் வளருது. தீப்பிடிக்க வாய்ப்பு இருக்கு."

"வாய்ப்பு, வாய்ப்பு! ரோட்டுல நடந்தாக்கூட வாய்ப்பு இருக்கு. நான் சொல்றேன், ஒண்ணும் ஆகாது. போதுமா?"

"போதும் சார்" என்று அவள் எழுந்து வெளியே போனாள்.

ஒத்துக்கொண்டுவிட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் திரும்பி வந்தபோது தள்ளுவண்டியில் நான்கு நீலக் கூடுகளும் சார்ஜர்களும் இருந்தன. சோதித்துச் சோதித்துக் கன்னம் புடைத்துப்போன கூடுகள். முதலாளிக்கு ஒரு கூடு, டாக்டரம்மாவுக்கு ஒன்று, டிசைன்காரருக்கு ஒன்று, தன்னுடைய நாற்காலிக்கு ஒன்று. ஒவ்வொரு இருக்கைக்கும் அடியில் வைத்தாள். யாரும் தடுக்கவில்லை, என்ன செய்கிறாள் என்று புரிவதற்குள் வைத்து முடித்துவிட்டாள். பிறகு சார்ஜர் கம்பிகளைப் பிளக்கில் செருகினாள். சுவிட்சுப் பலகையின் பக்கத்தில் போய் நின்றாள். கை சுவிட்சின் மேல்.

"கால் மணி நேரம்தான் சார். கூட்டம் முடியறதுக்குள்ள சார்ஜ் ஏறிடும். வேகமாவே ஏத்துறேன். ஒண்ணும் ஆகாதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. உட்கார்ந்தே பேசுவோம்."

முதலில் எழுந்தது டாக்டரம்மா. எழுந்தவர் ஜன்னல் பக்கம் ஒதுங்கினார். டிசைன்காரர் தன் பையிலிருந்த செல்பேசியை எடுத்துக் காதில் வைத்து, யாரும் அழைக்காத அழைப்புக்கு "ஆங், சொல்லுங்க" என்றபடி எழுந்து கதவருகே போனார்.

முதலாளி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். "என்னம்மா நாடகம் இது?" என்றார். சொல்லிக்கொண்டே எழுந்தார். எழுந்ததை மறைக்கக் கோட்டுப் பொத்தானைச் சரி செய்துகொண்டார். பொத்தான் ஒழுங்காகத்தான் இருந்தது.

திருப்புளி சுவிட்சைப் போடவே இல்லை. கையை எடுத்துவிட்டாள்.

"பாருங்க சார். கரண்ட்டே குடுக்கல, அதுக்குள்ள எல்லாரும் எழுந்துட்டீங்க. எழுந்திரிக்க உங்களுக்குக் கால் இருக்கு. எங்க அக்காவுக்கு இல்ல. வாங்கப்போற யாருக்கும் இல்ல."

கூட்டத்தின் மிச்சம் முழுவதும் நின்றபடியே நடந்தது. நான்கு சுழல் நாற்காலிகள் காலியாக இருக்க, பெரிய மனிதர்கள் சுவரில் சாய்ந்தும் கண்ணாடியில் முதுகைக் கொடுத்தும் பேசினார்கள். கண்ணாடிக்கு வெளியே போனவர்கள் வந்தவர்கள் எல்லாம் இதைப் பார்த்தார்கள். கடைசியில் டாக்டரம்மா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். "கிளாம்ப் வேணும். அது இல்லாம இது என் பேட்டரி இல்ல." அவ்வளவு மெல்லிய குரல். ஆனால் சொல்லிவிட்டார். கொஞ்சம் முன்பே சொல்லியிருந்தால் என்ன என்று திருப்புளிக்கு அவரை உலுக்க வேண்டும் போலிருந்தது.

முதல் தொகுதி போகவில்லை. அச்சை மாற்றினார்கள். உள்ளே இரண்டு பக்கமும் எஃகுத் தகடு, நடுவே வில் கம்பிகள், வீக்கத்தோடு விரிந்து சுருங்கிப் பிடியை விடாமல் வைத்திருக்கும்படி. கூடு ஒரு விரல் கனம் கூடியது. அழகு கொஞ்சம் குறைந்தது. புதிய விளம்பரப் புத்தகத்தில் அந்தத் தகடுகளுக்கென்றே ஒரு முழுப் பக்கம் ஒதுக்கி, 'எங்கள் வடிவமைப்புக் குழுவின் புதுமை' என்று போட்டிருந்தார்கள். பக்கத்தில் டிசைன்காரரின் படம். முடி நன்றாக வந்திருந்தது.

திருப்புளியைச் சரக்கறைக்கு மாற்றினார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. 'அனுபவம் பரவலாக வேண்டும்' என்றார்கள். சோதனை அறைக்கு வேறொருவர் வந்தார். அவருக்குத் திருகு முறுக்கும் வரிசையைக் காட்டிக்கொடுக்கக்கூட அவளை அந்தப் பக்கம் விடவில்லை. ஒட்டுநாடா உருளைகளுக்கும் கையுறைப் பெட்டிகளுக்கும் நடுவில் அவள் உட்கார்ந்தாள். தொலைபேசி அடித்தால் இப்போதும், "திருப்புளி பேசுறேன்."

அக்கா அவளோடு நெடுநாள் சரியாகப் பேசவில்லை. புதுப் பேட்டரி கைக்கு வந்த அன்றும் நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. நாற்காலியின் அடியில் அதைப் பொருத்தியதும், "என்னடி இது, இவ்வளவு கனமா இருக்கு?" என்றாள்.

"பிடிச்சுக்க ஆள் வெச்சிருக்கேன் உள்ளே, அதான்."

அக்கா வீட்டு வாசலுக்கும் தெருமுனைக்கும் பலமுறை போய்வந்தாள். மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அந்த நின்றபடி நடந்த கூட்டத்தைப் பற்றி ஒரு விஷயம் வெகுநாள் கழித்துத்தான் வெளியே வந்தது. முதலாளியின் கார் ஓட்டுநர் வேலையைவிட்டு நின்ற பிறகு சொன்னது. முதலாளியின் அம்மாவும் சக்கர நாற்காலியில்தான் இருந்தார். கூடுகள் வந்து இறங்கிய வாரத்திலேயே, ஸ்டிக்கர் எதற்கும் காத்திருக்காமல், ஒன்றை எடுத்துப்போய் அம்மாவுக்குப் பெருமையாகப் பொருத்திவிட்டிருக்கிறார். ஒருநாள் அந்த அம்மா இருக்கை ஒருபக்கமாகத் தூக்குகிறது என்று சொல்லியிருக்கிறார். முதலாளி குனிந்து பார்த்தார், தானே கம்பியைப் பிடுங்கினார், தோட்டத்தில் மணலைக் கொட்டி அதற்குள் கூட்டைப் புதைக்கச் சொன்னார், அம்மாவுக்குப் பழைய ஈயப் பேட்டரியைத் திரும்ப மாட்டச் சொன்னார். மாட்டியது அந்த ஓட்டுநர்தான். இது நடந்தது, 'நான் சொல்றேன், ஒண்ணும் ஆகாது' என்று அந்தக் கண்ணாடி அறையில் முதலாளி சொல்வதற்கு முந்தின வாரம்.